சைக்கிளிஸ்ட், பைக்கர்: சொல்லும் பொருளும்

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் சொற்கள், தம் பொருள் முழுவதையும் உடன் கொண்டு செல்வதில்லை. இவ்வுண்மையை விளக்கச் சைக்கிளிஸ்ட், பைக்கர் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் துணைபுரிகின்றன.

வேரும் வழக்கும்

சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ‘சைக்கிள்’. இரு சக்கரம் உடையது ‘பைசைக்கிள்’. அதன் சுருக்கமே ‘பைக்’. எனவே இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. ஆயினும், ஆங்கில வழக்கில் சைக்கிளிஸ்ட் என்பது மிதிவண்டி ஓட்டுபவரையும், பைக்கர் என்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரையும் குறிக்கும். ‘பைக்’ என்னும் சொல்லோ இவ்விரு வண்டிகளுக்கும் பொதுவானது.

தமிழகப் பேச்சுவழக்கில் இப்பொதுமை இல்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை மக்கள் ‘சைக்கிள்’ என்றே அழைத்தனர். திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டை ‘பைக்’ என்றனர். மிதிவண்டியைப் ‘பைக்’ என்பார் இங்கு இலர்.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழை

ஆங்கிலத்தில் ‘பைக் லேன்’ என்பது மிதிவண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட பாதை. அதனைப் ‘பைக்குகளுக்கான பாதை’ எனப் பெயர்த்தால், மிதிவண்டியில் செல்வோரின் பாதுகாப்புக்கென அமைந்த பாதைக்குள் மோட்டார் சைக்கிள்களை அழைத்ததாகிவிடும். ஒரு சொல்லின் பிழை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

சட்டமும் இவ்விருவரையும் வேறுபடுத்துகிறது. மிதிவண்டி ஓட்ட உரிமம் வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும்; 50 கன செ.மீ.க்கு மேற்படாத திறனுடைய வண்டிக்கு மட்டும் 16 வயது போதுமானது. எவ்வாறாயினும் உரிமம் கட்டாயம். சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா வண்டி மிதிவண்டியே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

தமிழின் தெளிவு

‘மிதிவண்டி’ என்னும் வினைத்தொகையும் ‘விசையுந்து’ என்னும் கலைச்சொல்லும், வண்டியை இயக்குவது காலா, பொறியா என்பதைப் பெயரிலேயே உணர்த்துகின்றன. ‘ஓட்டு’ என்னும் வினையடியோடு ‘நர்’ விகுதி சேர்ந்து ‘ஓட்டுநர்’ ஆகும்; ‘ஓட்டுனர்’ என எழுதுதல் பிழை. மிதிவண்டி ஓட்டுநர், விசையுந்து ஓட்டுநர் என முன்னே வண்டியின் பெயரைச் சேர்த்தால் ஐயத்திற்கு இடமில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒலியைப் பின்பற்றாது, சொல் சுட்டும் பொருளைக் கண்டறிந்து பெயர்த்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘பைக்’ என்னும் சொல் ஆங்கிலத்திலும் தமிழ்ப் பேச்சுவழக்கிலும் பொருளால் எவ்வாறு வேறுபடுகிறது?
2. ‘நர்’ விகுதி பெற்ற சொற்கள் ஐந்தனை எழுதுக.
3. உங்கள் பகுதியிலுள்ள சாலை அறிவிப்புப் பலகைகளில் காணும் மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து, அவற்றின் பொருத்தத்தை ஆராய்க.