பழைய முத்திரை விற்கிறீர்களா? முதலில் கணக்குப் பாருங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அலுமாரிக்குள் கிடக்கும் பழைய இலங்கை முத்திரைகளையும் நாணயங்களையும் எப்போதாவது ஈபேயில் விற்பவர்கள் உண்டு. ஏறிவரும் கட்டணம் இவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. 2025 பெப்ரவரியில் அமெரிக்கத் தளத்தில், கடைச் சந்தா இல்லாத விற்பனையாளருக்கான கழிவு பெரும்பாலான பிரிவுகளில் 13.25 வீதத்திலிருந்து 13.6 ஆனது.

இந்த வீதம் தபாற்செலவின் மேலும் விழுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. 5 டொலர் முத்திரை, 3 டொலர் தபாற்செலவு என்று வைத்துக்கொள்வோம். 8 டொலருக்கும் சேர்த்துக் கழிவு 1.09 டொலர். ஓடருக்கான 30 சத நிலைக்கட்டணத்தையும் கூட்டினால் 1.39. முத்திரையின் விலையில் கால்வாசிக்கும் மேல் போய்விட்டது! பணமாற்றுச் செலவு வேறு.

மலிவான முத்திரைகளைத் தனித்தனியே போடாமல் தொகுதியாக விற்பதே மேல்: 10 டொலரைத் தாண்டிய ஓடருக்கும் அந்த நிலைக்கட்டணம் 40 சதம்தான். கொழும்பிலேயே வாங்க ஆள் இருந்தால், இக்மன் போன்ற உள்ளூர்த் தளத்தில் விளம்பரம் போட்டு, பொருளை நேரில் காட்டிக் காசைக் கையில் வாங்கலாம்.

ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு கையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். 1815க்கு முந்தைய தொல்பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.