தற்காலிக ஆசிரியர் வேலை: எதை ஏற்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்தில் பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்கும் டி.ஆர்.பி. அறிவிப்புக்கும் காத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அரசு நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராகச் சேரலாம். தனியார் பள்ளியில் ஒருவர் நீண்ட விடுப்பில் போகும்போது அந்த இடத்துக்குப் போகலாம். இரண்டும் வேண்டாமென்று கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடலாம். சம்பளத்தை மட்டும் பார்த்து இதில் முடிவெடுக்கக் கூடாது. ஒரே பிள்ளைகளோடு எத்தனை மாதம் இருக்கப் போகிறோம், ஒரு பாடத்தை முழுதாக நம்மிடம் ஒப்படைப்பார்களா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் தற்காலிக வேலையின் நன்மை, தீமை இரண்டுமே இவற்றைப் பொறுத்தவை.

காரணம் அந்த வகுப்புகளின் தன்மையிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்குள் வருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இந்த நிலைக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மட்டும் வரும் ஆசிரியர் விடையை அடித்துவிட்டு ஆறில் ஐந்து என்று திருத்துவார். மூன்று மாதமாகப் பாடம் எடுப்பவருக்கு, மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனி எண்களாக அந்தப் பிள்ளை கருதுவது புலப்படும். ஒரு தாளை மடித்துக் காட்டி, ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது என்று புரியவைக்க அவருக்கு அவகாசமும் இருக்கும். வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் தொழிற்பேட்டை வட்டாரத்தில், யாருக்குக் கணக்கு புரியவில்லை, யாருக்குத் தமிழ் புரியவில்லை என்று பிரித்தறியவே சில வாரம் பிடிக்கும். இந்த வேலையின் மனநிறைவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்த அளவுகோலை வைத்து ஒப்பிட்டால் மேலாண்மைக் குழு நியமனமே முன்னால் நிற்கிறது. 2022இல் 13,331 காலியிடங்களை இந்த வழியில் நிரப்பப் பள்ளிக் கல்வித் துறை முடிவெடுத்தபோது, அதில் பட்டதாரி ஆசிரியர் இடங்கள் மட்டும் 5,154. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் வைத்தார்கள். அது பின்னர் 12,000, 15,000, 18,000 ஆக உயர்ந்தது. கல்வியாண்டு முடியும்வரை, அல்லது நிரந்தர ஆசிரியர் வரும்வரைதான் வேலை. ஆனாலும் காலிப் பணியிடம் என்பதால் ஒரு பாடமும் அதற்குரிய வகுப்புகளும் கைக்கு வருகின்றன. தனியார் பள்ளி விடுப்பு இடம் கால அளவைப் பொறுத்தது. சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பு என்றால் ஏறக்குறைய அரையாண்டு, அது ஏற்கத்தக்கது. பத்து நாள் மருத்துவ விடுப்புக்கு அழைத்து, மீதி நேரத்தில் ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் அனுப்பினால், அது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கும் வேலைதான். அதில் ஆசிரியரும் வளரமாட்டார், பிள்ளைக்கும் பாடம் ஏறாது.

கம்பெனி வேலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., பஸ், கேன்டீன் எல்லாம் இருக்கும்போது தொகுப்பூதியத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பது நியாயமே. வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறந்த மகளிர் விடுதியே 18,720 பேர் தங்கக்கூடியது. இளம்பெண்களின் உழைப்புக்கு இங்கே அவ்வளவு தேவை இருக்கிறது. வீட்டில் கடன் தவணை கட்ட வேண்டும், கோடை விடுமுறையில் சம்பளம் நின்றால் சமாளிக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர் தொழிற்சாலைக்குப் போவதே சரி. அதில் குறைவொன்றும் இல்லை. ஓராண்டு குறைந்த வருமானத்தைத் தாங்க முடிந்தவருக்குக் கணக்கு வேறு. டெட் இரண்டாம் தாளின் பாடப்பரப்பும் ஆறு முதல் எட்டு வரையிலான பாடங்களைச் சுற்றியதே. அவற்றைத் தினமும் நடத்துவது தேர்வுக்கும் தயாரிப்பாகும். முறை மாறி வரும் ஷிப்டுக்கு நடுவே அந்தத் தயாரிப்பு கடினம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாம் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பதால்தானே அரசு நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் தள்ளிப்போடுகிறது? இதில் உண்மை இருக்கிறது. காலியிடங்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காப்பது அரசின் கடமை. 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதி நேர ஆசிரியர்கள் பத்தாண்டுக்கு மேலாகியும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆகவே பிற்காலத்தில் நிரந்தரம் ஆகலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் யாரும் சேரக் கூடாது. அதே நேரம், இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு மறுபடி வராது. நிரந்தர நியமனம் கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தலாம். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

சேருவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. எந்தப் பாடம், எந்த வகுப்புகள், எந்தத் தேதி வரை என்பது உத்தரவில் இருக்குமா? முன்பிருந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார்? தேர்வுத்தாள் திருத்துவதும் பெற்றோரைச் சந்திப்பதும் நம் பொறுப்பா? சம்பளம் எந்த மாதங்களுக்கு? முதல் கேள்விக்கே தெளிவான பதில் வராத இடத்தைத் தவிர்த்துவிடலாம். ஒரு பருவமாவது ஒரு பாடம் முழுதாகக் கையில் இருக்கும் என்றால், சம்பளம் ஓரளவு குறைந்தாலும் ஏற்கலாம். அப்படி ஏற்றவர், தேர்வுக்கான படிப்பை ஒரு நாளும் விடக் கூடாது. நிரந்தர வேலைக்கு வழி அந்தத் தேர்வுதான்.