மூணு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலையா?



முகப்பேர், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பிரஷருக்கும் சுகருக்கும் சேர்த்து மாத்திரை சாப்பிடும் அக்காமார் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்தவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். சிலருக்கு மட்டும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்குவதில்லை. ஏன்?

எங்கிருந்து வருகிறது?

நம் இரண்டு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி வைத்தது போல அட்ரினல் என்ற சின்னச் சுரப்பி உண்டு. அதில் சுரப்பது ஆல்டோஸ்டிரோன். உப்பை உடம்பில் நிறுத்தி, பொட்டாசியம் சத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது இதன் வேலை. இது அதிகமாகச் சுரந்தால் உப்பும் தண்ணீரும் தங்கி பிரஷர் ஏறும். இந்த நோயை 1955-இல் விளக்கியவர் அமெரிக்க டாக்டர் ஜெரோம் கான். அவரிடம் வந்த நோயாளியும் ஒரு பெண்தான், வயது 34.

சுகருக்கு என்ன சம்பந்தம்?

பொட்டாசியம் குறைந்தால் இன்சுலின் சுரப்பதும் குறையும். சுரக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் ஆல்டோஸ்டிரோன் இன்னும் கூடலாம். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பக்கவாதமும் வரலாம்.

யார் கவனிக்க வேண்டும்?

* மூன்று வகை மாத்திரை போட்டும் 140/90-க்கு மேல் இருப்பவர்கள்
* சின்ன வயதிலேயே பிரஷர் வந்தவர்கள்
* பொட்டாசியம் குறைவு, தசைப்பிடிப்பு, கை கால் தளர்ச்சி உள்ளவர்கள்

அறிகுறியே இல்லாமலும் இது இருக்கும்.

என்ன செய்யலாம்?

"ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரத்தப் பரிசோதனை எனக்குத் தேவையா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இதற்கென்றே தனி மாத்திரை உண்டு. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் ஆபரேஷனும் செய்வார்கள்.

ஒரு நாளைக்கு உப்பு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இதில் சேர்த்தி. இருமலுக்கு நல்லது என்று அதிமதுரத்தைத் தினமும் சாப்பிடாதீர்கள்; அதுவும் இதே போல பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் மருந்தை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, சேமிப்புப் புத்தகத்தோடு பிரஷர் எழுதிய சீட்டையும் கொண்டு வாங்க. மாத்திரை போட்டும் யாருக்கு இறங்கலை என்று சேர்ந்து பார்ப்போம். அவரை டாக்டரிடம் அழைத்துப் போவதும் குழுவின் வேலைதானே!