விடையை மூடி வை

அன்புள்ள தம்பிக்கு,

போன சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் கடையில் காபி ஆறிக்கொண்டிருக்க, போனில் ஒரு கணக்கு வீடியோவைக் காட்டி, "பார்க்கும்போது எல்லாம் புரியுது மாமா, பேப்பர்ல உட்கார்ந்தா வர மாட்டேங்குது" என்றாய். கால்குலஸ் முதல் எக்ஸாமுக்கு இன்னும் பத்து நாள். கடை இரைச்சலில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே தேர்வுக்குப் போகும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

தமிழ்நாட்டில் பொறியியல் முதலாண்டுத் தேர்வுக்கு நானும் அப்படித்தான் போனேன். நோட்டை மூன்று முறை படித்திருந்தேன். வினாத்தாளில் இருந்த கணக்குகள் எல்லாம் பார்த்த முகங்கள். ஒன்றுக்கும் பெயர் வாயில் வரவில்லை.

முதலில் கருத்தைப் பார்ப்போம். ஹூஸ்டனில் 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கடைத்தெருவிலிருந்து பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கிளம்புகிறாய் என்று வை. 20 மைல், அரை மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 40 மைல். ஆனால் ஃப்ரீவேயில் முள் 65 காட்டியது, சிக்னலில் 0 காட்டியது. ஒரு குறிப்பிட்ட நொடியின் வேகத்தை எப்படிப் பிடிப்பாய்? கால அளவை ஒரு நிமிடம், ஒரு நொடி, அதிலும் சிறு பின்னம் என்று குறைத்துக்கொண்டே போனால் சராசரி எந்த எண்ணை நெருங்குகிறதோ, அதுதான் வகைக்கெழு. நேரத்தை ஒரேயடியாக 0 ஆக்கினால் 0/0 வந்து நிற்கும். அதனால்தான் 'எல்லை' முதல் பாடமாக வருகிறது. தேர்வில் 0/0 வந்தால் பயப்படாதே. 'இன்னும் சுருக்கு' என்று கணக்கே உன்னிடம் சொல்கிறது.

சுருக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லை புரிந்திருக்கும், எட்டாம் வகுப்பு இயற்கணிதம் காலை வாரும். இதைப் போட்டுப் பார்: ஒன்பதையும் ஹெச் (h) என்ற மாறியையும் கூட்டி வர்க்கமூலம் எடு, அதிலிருந்து 3 கழி, ஹெச்சால் வகு, ஹெச் 0ஐ நெருங்கட்டும். நடுவிலுள்ள கழித்தலைக் கூட்டலாக மாற்றி, அதை மேலும் கீழும் பெருக்கினால் ஹெச் அடிபட்டு 1/6 வரும். ஹெச்சுக்கு மதிப்புப் போடும்வரை ஒவ்வொரு வரியிலும் எல்லைக் குறியான 'லிம்' எழுது. அதை விட்டால் மார்க் போகும்.

இனி உன் வீடியோ விஷயம். கும்பகோணத்தில் கணிதமேதை ராமானுஜனுக்கு 1903இல் கார் என்பவர் தொகுத்த புத்தகம் கிடைத்தது. சுமார் 5,000 முடிவுகள். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. எப்படி வந்தது என்று அவரே சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டார். நீயும் நானும் ராமானுஜன் இல்லைதான். ஆனால் விடைக்கு வழி காட்டாத புத்தகம் அவருக்குச் செய்த உதவியை, வழி முழுவதும் காட்டிவிடும் வீடியோ உனக்குச் செய்யாது.

ஆகவே, பழைய ஹோம்வொர்க் கணக்கை எடு, விடையை மூடு, இருபது நிமிடம் போராடு. வராவிட்டால் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடு. தப்பாய்ப் போனதைத் தனித்தாளில் குறித்து, இரண்டு நாள் கழித்து மறுபடி போடு. அப்போதும் நிற்கும் இடம் எதுவோ, அந்த வரியைக் காட்டி ஆபீஸ் அவர்ஸில் கேள். "ஒண்ணுமே புரியல" என்று போனால் அவர்களால் எங்கிருந்து ஆரம்பிக்க முடியும்? கடைசி இரண்டு நாளில் ஒரு பழைய தாளைக் கடிகாரம் வைத்து எழுது. முதல்நாள் இரவு தூங்கு.

வரும் சனிக்கிழமை அதே மேசைக்கு வா. வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டு வா. போன் பையிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கை என் முன்னால் போடு. முடிக்கும்வரை காபி ஆர்டர் பண்ண மாட்டேன்.

அன்புடன்,
மாமா