சொல்லின் வேர்: ஜிஞ்சர்

போன வார வகுப்பில் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் ஒன்றைக் காட்டினார். ஆங்கிலச் சொல் எல்லாமே தமிழாம்! 'கரை' என்றால் அழு. அதுதான் 'கிரை' ஆச்சாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 'கிரை' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒலி ஒத்துப்போனா மட்டும் உறவு ஆகிடாது. சொல் எந்த வழியா போச்சுன்னு காட்டணும்.

அப்படிக் காட்ட முடிந்த ஒரு சொல் ஜிஞ்சர். மாமாக் கடையில் 'தே ஹலியா' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இஞ்சிதான்.

ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கி நடப்போம். இடைக்கால ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜிவெர்'. அதற்கு முன் லத்தீனில் 'ஸிங்கிபெரி'. கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', முதல் நூற்றாண்டு மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போதைய கிரேக்கத்தில் வகர ஒலி கிடையாது, அதனால் 'வெ' என்பது 'பெ' ஆனது. இந்தியாவுக்கு வந்தால் பாலியில் 'சிங்கிவேர'. கடைசிப் பகுதியைக் கவனிச்சீங்களா? வேர்!

அதே காலத்து ரோம அறிஞர் பிளினி, இஞ்சியை மிளகு மரத்தின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்று எழுதினார். பேரிலேயே வேர் ஒளிந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேர' என்பார்கள். சிருங்கம் என்றால் கொம்பு, ஆகவே 'கொம்பு போன்ற உடல் உடையது' என்று பொருள் சொல்வதுண்டு. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பிறகு பொருத்திய விளக்கம் அது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து.

சரி, நாம் சொல்வது 'இஞ்சி'. பாலியில் 'சி' எங்கிருந்து வந்தது? சிறகு, இறகு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பழைய திராவிடச் சொற்கள் சிலவற்றில் முதலில் நின்ற சகரம் தமிழில் உதிர்ந்துவிட்டது. அது உதிரும் முன்பே சொல் வடக்கே போய்விட்டது என்கிறார்கள். ஆக, இன்றைய நம் 'இஞ்சி' அப்படியே கப்பலேறவில்லை. அதற்கு மூத்த வடிவம்தான் போனது. இந்த இடத்தை அவசரத்தில் தாண்டிடாதீங்க, வாட்ஸ்அப் பட்டியல் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை: மலாயில் 'மங்கா', ஆங்கிலத்தில் 'மேங்கோ', தமிழில் 'மாங்காய்'. நடுவில் போர்த்துகீசியர் வருகிறார்கள். எந்தச் சொல் எந்தக் கரையில் ஏறியது? தேடிக்கொண்டு வாருங்கள்.