காக்கைக் கணக்கு எடுக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் அந்தியில் அடைய வரும் காக்கைகளை எண்ணி நீ அனுப்பிய எக்செல் கோப்பைப் பார்த்தேன். உன் உழைப்பு தெரிகிறது. ஆனால் அதில் தேதி, நேரம், 'காக்கை', ஓர் எண்ணிக்கை, இவ்வளவுதான் இருக்கின்றன. உன்னை அறியாத ஒருவர் முப்பது ஆண்டு கழித்து அதைத் திறந்தால் எதைப் புரிந்துகொள்வார்?

நேரத்தையே எடுத்துக்கொள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதற்கு முன் 6.45 என்று எழுதிய அந்தி இன்று 7.15. இதை அறியாமல் பழைய குறிப்பேட்டோடு உன் கோப்பை ஒப்பிடுகிறவர், பறவைகள் இப்போது தாமதமாக அடைகின்றன என்று கட்டுரையே எழுதிவிடுவார். நேரத்தின் பக்கத்தில், உலக நேரத்தோடு உள்ள வேறுபாட்டை +08:00 என்று போட்டால் இந்தக் குழப்பம் வராது. இடமும் அப்படித்தான். நம் பழைய நிலப்படங்கள் கெர்த்தாவ் 1948 அளவை முறையில் வரைந்தவை. உன் கைப்பேசி இடத்தைக் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு முறையில். எது என்று குறித்து வை.

எந்தக் காக்கை என்பதும் முக்கியம். வீட்டுக் காக்கையை, கோர்வஸ் ஸ்ப்ளெண்டன்ஸை, தோட்டப் பயிர்களின் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. அண்டங்காக்கையோ இந்த மண்ணின் பறவை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் அயல் இனம் எவ்வளவு பரவியது என்று உன் கோப்பு ஒருநாளும் சொல்லாது. ஒன்றுகூட வராத மாலையையும் பூஜ்யம் என்று எழுது. எங்கே நின்றாய், எத்தனை நிமிடம் எண்ணினாய், கூட எத்தனை பேர் என்பதையும் சேர்.

இப்படி முறையோடு எழுதி வைப்பதன் பயனை அறியப் பாசோ காட்டைப் போய்ப் பார். நெகிரி செம்பிலானில் உள்ள அந்த 50 ஹெக்டேரில் 1 செ.மீ. விட்டமுள்ள செடி முதல் ஒவ்வொரு மரத்துக்கும் எண் தகடு உண்டு. அளப்பது தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். கெப்போங்கில் உள்ள ஃப்ரிம் என்ற வன ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1980களில் தொடங்கிய வேலை இது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலும், தமிழ்நாட்டின் முதுமலையில் 1988இல் அமைத்த 50 ஹெக்டேரிலும், இலங்கையின் சிங்கராஜாவிலும் அதே முறைதான். முறையை எழுதி வைத்ததால்தான் பாசோ மரத்தையும் முதுமலை மரத்தையும் இன்று ஒரே அட்டவணையில் வைத்துப் பேச முடிகிறது. நம் சூழலியல் துறையில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியவில்லை.

நீ புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பதிவுகளுக்கு டார்வின் கோர் என்ற தரத்தின் நெடுவரிசைத் தலைப்புகள் இருக்கின்றன. 2009 முதல் அது உலகத் தரம். யார், ஏன், எப்படிச் சேகரித்தார்கள் என்ற மெட்டாடேட்டாவுக்கு இஎம்எல் படிவம் இருக்கிறது. பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பையும் விடாதே. கூண்டுப் பறவை வியாபாரிகள் தேடும் முரை பத்து போன்ற பறவையைக் கண்டால் மட்டும், துல்லியமான இடத்தை மறைத்து, மறைத்ததையும் குறிப்பிடு.

அடுத்த முறை எண்ணப் போவதற்கு முன், பழைய பதிவுகளின் வெற்றுக் கட்டங்களை நினைவு இருக்கும்போதே நிரப்பு. நிரப்பியதும், உயிரினப் பதிவுகளை எல்லாருக்கும் திறந்து வைக்கும் ஜிபிஃப் தளத்தில் ஒரு நிறுவனத்தின் வழியாக வெளியிடு. உன் கணினியிலேயே பூட்டி வைக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்