சுல்தானுக்கு விருந்து வைக்காதே

அன்பு மருமகன்,

உன்ட வீடியோ கிடைத்தது. உம்மா அதை எனக்கு அனுப்பிவிட்டு, "காக்கா, இவன் லண்டனில முதலை வளர்க்கிறான்" என்று ஒப்பாரியும் வைத்தா. முதலை இல்லை, அது ஆபிரிக்காவில் இருந்து வந்த பொஸ்க் உடும்பு, வளர்ந்தாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும் என்று எவ்வளவு சொல்லியும் அவ நம்பவில்லை. நல்லவேளை, நம்மட ஊர்ப் பெரிய உடும்பான கபரகொய்யா இனத்தில் ஒன்றை வாங்காமல் விட்டாய். கண்டியில் ஒருகாலம் அளந்த ஒரு கபரகொய்யாவின் நீளம் 3.21 மீட்டர். அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் அறையை அதற்குக் கொடுத்துவிட்டு நீ மாடிப்படியில்தான் படுத்திருக்கவேணும்.

சுல்தான் என்று பேர் வைத்தது சரி, மனே. பேருக்குத் தக்கபடி நடத்துகிறாயே, அதுதான் என்ட கவலை. வெள்ளைச் சுண்டெலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவன் விழுங்குகிறான், நீ பின்னால் நின்று சிரிக்கிறாய். அவன் வாலடியைப் பார்த்தாயா? உருண்டு திரண்டு கிடக்கிறது. உடும்புக் குலம் கொழுப்பைச் சேர்த்துவைப்பது வாலடியிலும் வயிற்றுக்குள்ளும்தான். வாலடி அப்படியென்றால் உள்ளே ஈரல் என்ன பாடுபடுகிறதோ.

இப்படித் தீனி போடுவதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். நம்மட குடும்பத்தில் அன்பு என்றால் சோறு. விருந்தாளி எழும்பப் பார்த்தால் தோளில் கைவைத்து அமர்த்தி இன்னொரு அகப்பை போடுவது நம்மட ஆக்களின் வழக்கம். மூத்தம்மா உனக்கு "இன்னும் ஒரு பிடி, ஒரே ஒரு பிடி" என்று ஊட்டிவிட்டு, நீ எழும்ப ஏலாமல் முற்றத்தில் மல்லாந்து கிடந்ததை ரசித்துக்கொண்டு இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உனக்கு அதைக் கரைக்க வட்டையும் கடற்கரையும் இருந்தன. சுல்தானுக்கு இருப்பது ஒரு பெட்டி.

பொஸ்க் உடும்பு எலி தின்னவென்று பிறந்த சாதி இல்லை. டானியல் பெனற் என்ற ஆய்வாளர் கானாவில் இவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தவர். 2003இல் இன்னொருவருடன் சேர்ந்து இதைப்பற்றிப் புத்தகமும் எழுதினார். அங்கே குஞ்சுகள் பெரிய சில்வண்டுகளின் வளைக்குள்ளேயே குடியிருந்து, அந்தச் சில்வண்டுகளையே தின்று வளர்கின்றன. பெரிதானதும் மரவட்டை, வண்டு, வெட்டுக்கிளி, நத்தை என்று தேடுகின்றன. அதுவும் மழைக்காலத்தில்தான் வயிறு நிறையும். கோடை வந்தால் மாதக்கணக்கில் அரைப்பட்டினி. அப்படிப்பட்ட உடம்புக்கு வருடம் பூராவும் கொழுத்த எலி கொடுத்தால், அது கந்தூரிச் சாப்பாட்டையே மூன்று வேளையும் தின்கிற மனிசன் கதைதான்.

நம்மட ஊர் நிலவரத்தையும் கேள். இப்போது சீசன். உல்லையில் அலைச்சறுக்கு வெள்ளைக்காரர் நிறைந்துவிட்டார்கள். ஹோட்டல் குசினிகளின் பின்பக்கம் கபரகொய்யாக்கள் வந்து காத்திருக்கின்றன. மீன்தலை, கோழித்தோல், சில நாளைக்குப் பொரித்த உருளைக்கிழங்கும். சாப்பாட்டை வீசிவிட்டுப் படமெடுக்கும் பயணிகளிடம் நான் போய் வாதாடுவதாக உம்மா உனக்குக் கோள் சொல்லியிருப்பா. ஓம், வாதாடுகிறேன். அதே மிருகத்தைக் காலையில் களப்புப் பக்கம் போய்ப் பார்த்தால் வேறு ஆள். பாலத்துக்கு அங்கால், கண்டல் வேர்களுக்கிடையில் நாக்கை நீட்டி நீட்டி நடக்கும். ஒரு நண்டு, கொஞ்சத் தூரம் போய் ஒரு தவளை, செத்து ஒதுங்கிய மீன், கிடைத்தால் ஏதாவது முட்டை. ஒவ்வொரு வாய்க்கும் நடக்கவேணும், தோண்டவேணும், நீந்தவேணும். ஒரே சாமானைத் தொடர்ந்து தின்ன வாய்ப்பே இல்லை. அந்த நடையும் சாப்பாட்டில் சேர்த்திதான்.

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டுக் கிடந்து, தப்பிப்போய் 1681இல் எழுதிய புத்தகத்திலும் நம்மட நாட்டு உடும்புச் சாதி இரண்டும், கபரகொய்யாவும் தலகொய்யாவும், வருகின்றன. நாய் நரியோடு சேர்ந்து செத்த மாட்டைத் தின்னும், கிட்ட வருகிற நாயை வாலால் விளாசும் என்று கபரகொய்யாவைச் சரியாகவே எழுதினார். தலகொய்யாவை, அதாவது நாம் உடும்பு என்கிறதை, இலைதழை தின்னும் சாது என்று எழுதிவிட்டார். அங்கேதான் மனிசன் ஏமாந்தார். உடும்பு செத்தைக்குள் தலையை விட்டு வண்டையும் புழுவையும் நத்தையையும் கிளறி எடுப்பதை நம்மட வளவிலேயே பார்க்கலாம். சுல்தானின் சாப்பாட்டுக்குக் கிட்டத்தில் நிற்பது இந்த உடும்புதான். ஆகவே நீ பார்த்துப் பழகவேண்டியது அதை.

அதற்காக, லீவில் வரும்போது இங்கே ஒன்றைப் பிடித்து வளர்க்கலாம் என்று கனவு காணாதே. இரண்டும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு விளக்கம் சொல்ல எனக்கு வயது போய்விட்டது. உன்ட நாட்டிலும் சட்டம் சும்மா விடவில்லை. வளர்க்கும் பிராணிக்கு அதற்கு ஏற்ற தீனி கொடுக்கவேணும் என்பது அங்கே 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தில் இருக்கிற கடமை.

சரி, என்ன கொடுப்பது? சில்வண்டு, கரப்பான், வெட்டுக்கிளி, மண்புழு, நத்தை, இவைதான் அன்றாடம். கடையில் தீனிக்கென்று வளர்த்து விற்பதையே வாங்கு. பூங்காவில் பொறுக்கினால் பூச்சிமருந்தும் சேர்ந்து வரும். எலி எப்போதாவது ஒன்று போதும். மீன், றால் கொடுக்கலாம், ஆனால் அதையே பிடித்துக்கொள்ளாதே. சில மீன்களிலும் றாலிலும் விற்றமின் பி-1ஐச் சிதைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பச்சை முட்டையும் அப்படித்தான். காட்டில் கூடு கட்டும் காலத்தில் மட்டும் கிடைப்பதை நீ தினமும் கொடுத்தால், அதன் வெள்ளைக்கரு பயோட்டின் என்ற விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டிறைச்சியை அரைத்துக் கொடுக்கிறாயாம், உம்மா சொன்னா. அதில் எலும்பு எங்கே, ஈரல் எங்கே? முழுப் பூச்சி, முழு நத்தை, முழு எலி என்று கொடு. ஓட்டோடும் எலும்போடும் குடலோடும் உள்ளே போவதுதான் அவனுக்குச் சாப்பாடு. உன்ட ஆணம், உன்ட சிப்ஸ், உப்பும் தூளும் பட்ட எதுவும் அவன் வாய்க்குப் போகக்கூடாது.

பூச்சிக்கு ஒரு குறை உண்டு. உடம்புக்குக் கல்சியம் கூடவும் பொஸ்பரஸ் குறையவும் வேணும். சில்வண்டில் அது தலைகீழ். அதனால் கொடுப்பதற்கு முதல்நாள் அந்தப் பூச்சிகளுக்கே கீரை, கரட் என்று நன்றாகத் தின்னக் கொடு. கொடுக்கும் நேரத்தில் கல்சியம் தூளை லேசாகத் தூவு. பூச்சிக்குச் சோறு போடும் நேரமா என்று நீ சிரிப்பாய். அந்தச் சின்ன வேலையை அலுப்பில் விட்டவர்களின் உடும்புகள்தான் தாடை மெலிந்து, கால் வளைந்து இழுபட்டு நடக்கின்றன. கூடவே சூரிய வெளிச்சத்துக்குப் பதிலான யூவி விளக்கு வேணும், அதில்லாமல் விற்றமின் டி-3 ஊறாது. வெயில் காய்கிற கல்லின் மேற்பரப்பு 50 பாகைக்கு மேல் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த உடம்பில் தின்றது செரிக்காது. உள்ளே இறங்கிக் கிடக்கிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வை. புரதம் நிறையத் தின்று தண்ணீர் குறைந்தால் ஊர்வனவற்றுக்கும் யூரிக் அமிலம் சேர்ந்து கீல்வாதம் வரும். நம்மட வீட்டு ஆம்பிளைகளிடம் கேட்டுப்பார், அந்த வலியைச் சொல்லுவார்கள்.

இவன்களுக்கு எதைத் தின்னக்கூடாது என்ற அறிவு கிடையாது, அதை மறந்துவிடாதே. அவுஸ்திரேலியாவில் கரும்பு வண்டுகளை ஒழிக்கவென்று 1935இல் ஒரு தேரை இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். நச்சுத் தேரை. அதைக் கண்ட பெரிய உடும்புகள் வழக்கம்போல விழுங்கின. தேரை பரவிய பல இடங்களில் மஞ்சள் புள்ளி உடும்புகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்துபோயின. சுல்தான் ஆசையோடு பாய்ந்து தின்கிறான் என்றால், அது அவனுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. உனக்குக் கோழிப் பொரியல் கடை எப்படியோ அப்படி. அந்தக் கடையைப்பற்றியும் உம்மா சொல்லிவிட்டா, நான் இப்போதைக்குப் பேசவில்லை.

உன்ட கையைப்பற்றியும் ஒரு சொல். தீனியை விரலால் நீட்டாதே, இடுக்கியால் கொடு. கையையே தீனி என்று அவன் பழகிவிட்டால், பிறகு நீ தண்ணீர் மாற்றப்போகும்போதும் பாய்வான். உடும்புக்கடி லேசில் விடாது. தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. சல்மொனெல்லாக் கிருமி இவற்றின் உடம்போடு ஒட்டித் திரிவது. குசினிச் சிங்கில் அவன் தட்டைக் கழுவுகிற வேலையும் வேண்டாம்.

ஒரு கொப்பி வாங்கு. திகதி, என்ன கொடுத்தாய், எவ்வளவு தின்றான், மலம் எப்படி, நிறை எவ்வளவு என்று எழுது. பாடசாலைக் காலத்தில் உன்ட கொப்பிகளைத் திருத்தியவன் நான்தான். முதல் பக்கம் முத்துமுத்தாக, மூன்றாம் பக்கத்தில் படகுப் படம். இந்தக் கொப்பியில் அது நடக்காது. பத்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடிய உயிர், மனே. நீ படிப்பு முடித்து, வேலை எடுத்து, நாங்கள் பெண் பார்த்து வைத்த பிறகும் இருப்பான். வரப்போகிறவளிடம் அவனைப்பற்றி முன்கூட்டிச் சொல்லிவிடுவது உன்ட பொறுப்பு, என்னைத் தள்ளாதே.

எலியை இன்றைக்கே திடீரென்று நிறுத்தினால் சுல்தான் பூச்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பான். பயந்து இரங்கிவிடாதே. இவ்வளவு கொழுப்பு உள்ளவன் கொஞ்ச நாள் மறுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் முதலில் ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய் ஈரலைப் பார்த்துக்கொள். காசு போதாவிட்டால் மாமாவிடம் கேள். உம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

வருகிற ஜும்ஆவுக்குள் அவன் நிறையை எனக்கு எழுதி அனுப்பு. உன்னுடையதையும் சேர்த்து.

துஆவுடன்,
உன்ட மாமா
உல்லை, அறுகம்பே